டுவேனுக்கு விழுந்த மூன்று ஓட்டுகள்

ஒஹாயோவில் எங்கள் ஊரின் பழைய ராக் பாட்டு வானொலிக்கு நாற்பது வயது ஆயிற்று. விழா நிகழ்ச்சியை யார் நடத்துவது என்று நேயர்கள் தொலைபேசியில் ஓட்டுப் போட்டார்கள். நிலையத்தில் முதன்முதலில் பேசியவன் டுவேன். ஆனால் பத்து வருடம் கழித்து வந்த லோர்னாவுக்குத்தான் ஓட்டுகள் குவிந்தன. அவள் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

வியாழக்கிழமை தன் நிகழ்ச்சியில் அவன் பதினேழு நிமிடப் பாட்டு ஒன்றை ஓடவிட்டான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் நிலையத்தில் பேசும் நாங்கள் எல்லோரும் போடும் பாட்டு அது. அவனோ தன் காரில் போய் உட்கார்ந்து, குரலை மாற்றிக்கொண்டு நிலையத்தை அழைத்தான்.

"நான் லாரி ஓட்டுறவன்மா. என் ஓட்டு டுவேனுக்கு. அவர் மாதிரி வருமா?"

"வராதுதான்," என்றாள் ஓட்டுகளைக் குறித்துக்கொண்டிருந்த லோர்னா. "பாட்டு முடியப்போகுது டுவேன், உள்ள வாய்யா."

அவன் தன் சொந்தக் குரலில் கேட்டான். "எனக்கு எத்தனை?"

"இதோட மூணு. மத்த ரெண்டும் நான் போட்டது."

அவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்ததும் கார் ரேடியோவில் லோர்னாவின் குரல் வந்தது. "இந்த நிலையத்தோட முதல் குரல் நம்ம டுவேன். அவருக்கே ஓட்டுப் போடுங்க."

அதையும் அவள் அவனைவிட நன்றாகச் சொன்னாள்.