நோய்நொடி இல்லாத ஊர்

ஊரில் ஆள் குறைந்துகொண்டே போகவும், ஆளைக் கூட்டுவதற்கென்றே நகராட்சி ஒரு விளம்பர அதிகாரியைப் போட்டது. மனிதர் சும்மா இருக்கவில்லை. 'ஒருமுறை வந்தால் போகவே மாட்டீர்கள்' என்று நாலு பக்கமும் பலகை வைத்தார். மயானச் சுவரிலும் ஒன்றை மாட்டித் தொலைத்தார். போகிறவர்களையும் விடவில்லை. 'ஊரை விட்டுப் போகும் காரணம்' என்று அவர்களுக்கு ஒரு படிவம்.

அவர் மனைவிக்கு இளைப்பு. ஊரிலோ டாக்டர் கிடையாது. மூச்சு முட்டினால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

"ஒரு டாக்டரைக் கொண்டு வாங்க. இல்லைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்" என்றாள். அவள் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல. அதிகாரி அன்றைக்கே ஊர் ஊராக டாக்டர்களுக்குக் கடிதம் போட ஆரம்பித்தார்.

ஒருவழியாக ஒரு டாக்டர், குடிவரலாமா என்று ஊரைப் பார்க்க வந்தார். நகராட்சித் தலைவி உத்தரவு போட்டார்: "இருமுறவங்க ஒருத்தர்கூட தெருவுல கண்ணுல படக்கூடாது!"

விளம்பரப் புத்தகத்தில் 'நோய்நொடி இல்லாத ஊர்' என்று அச்சடித்தாயிற்றே! முடியாதவர்களை எல்லாம் வேனில் அள்ளிப் போட்டு ஏரி பார்க்க அனுப்பினார்கள். டாக்டர் வருகிறார் என்று நோயாளியை ஒளித்து வைத்த புத்திசாலிகள் உலகத்திலேயே இவர்கள்தான்.

மாலையில் அதிகாரி வீட்டில் டாக்டருக்கும் தலைவிக்கும் டீ. மனைவி சமையலறையில், வாயில் துண்டோடு. "கொஞ்ச நேரம் அடக்கிக்கோ, எல்லாம் உனக்காகத்தானே" என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

"ஊர் அருமையா இருக்குங்க" என்றார் டாக்டர். "ஆனா காலையிலேருந்து சுத்தறேன், ஒரு தும்மல்கூட கேக்கலை. எனக்கு இங்க என்ன வேலை?"

அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல் வெடித்தது. அடுக்கடுக்காக, மூச்சு வாங்க வாங்க. டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருக்கோ ரொம்ப முடியலை போலிருக்கே?"

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. கதவைத் திறந்தால் போதும். ஆனால் தலைவி முறைத்துக்கொண்டிருந்தார்.

"டி.வி. சார்" என்றார் அதிகாரி.

டாக்டர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். "நல்லா சமாளிச்சீங்க" என்று மெச்சிவிட்டுத் தலைவியும் போனார்.

அதிகாரி திரும்பினால், மனைவி பெட்டியோடு நிற்கிறாள். மேசையிலிருந்த படிவம் ஒன்றை உருவினாள். வேலை, படிப்பு, கல்யாணம், மற்றவை என்று அவரே போட்ட நாலு கட்டம். 'மற்றவை'யில் டிக் அடித்துவிட்டு, பக்கத்தில் நிறுத்தி எழுதினாள்:

'டி.வி. சத்தம் தாங்கவில்லை.'