குட்டிக் குரல்

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சேஜ் புதர் மண்டிய மேட்டில் நானும் என் மனைவி ஆர்லீனும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மிருகக் குரலில் மரக்குழலை ஊதி வேட்டையைக் கிட்டே வரவழைப்பது அவள், சுடுவது நான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. மே மாதத்திலிருந்து எங்கள் செம்மறிக்குட்டிகளில் பதினொன்றை ஓநாய் இனத்துக் கயோட்டி கொன்றுவிட்டது. இப்படியே போனால் மந்தை மிஞ்சாது. நிலத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போய் எவனிடமாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

முயல் அலறலை ஊதிப் பார்த்தாயிற்று. எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

"கயோட்டிக் குட்டி அழுவுற மாதிரி ஊது," என்றேன்.

"வேணாம் வெர்னன். அதுவும் ஒரு தாய்தானே."

"நம்ம குட்டியக் குடலோட இழுத்துப் போட்டப்ப அந்தத் தாய் பாவம் பாத்துச்சா? பெருசா பேச வந்துட்டா. ஊதுடி."

சனிக்கிழமையிலிருந்தே அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கள் நாய் மேபல் ஈன்ற ஐந்து குட்டிகளையும் அன்று தீவனக் கடை வாசலில் வைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்லீன் கெஞ்சினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மேபல் கொட்டகையின் மூலைமுடுக்கெல்லாம் மோந்து திரிகிறது. இன்று கிளம்பும்போது அதைக் கயிற்றில் கட்டிப்போட்டு வந்திருந்தோம்.

ஆர்லீன் ஊதினாள். வலியில் கதறும் குட்டியின் குரல் அந்த வெட்டவெளி முழுக்கப் போயிற்று. எனக்கே பிடரி சிலிர்த்தது.

மூன்றாவது முறை ஊதியபோது கீழே புதர் அசைந்தது. சாம்பல் முதுகு, விறைத்த காது. கயோட்டி என்றால் சுற்றி வளைத்து, காற்றில் நம் வாடை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும். இது நேராகத் தலைதெறிக்க ஓடி வந்தது. வித்தியாசமாகத்தான் பட்டது, பொய் சொல்ல மாட்டேன். இருந்தும் சுட்டேன். அந்தப் பதினொன்றும் கண் முன்னால் நின்றன.

விழுந்து கிடந்ததன் கழுத்தில் அறுந்த கயிறு இருந்தது.

ஆர்லீன் ஓடிப்போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். மேபலுக்கு இன்னும் உயிர் இருந்தது. பால் கட்டிய மடி மண்ணில் உரச, தலையைத் தூக்கித் தூக்கி எதையோ தேடியது.

"வண்டிய எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். அங்கயே நில்லு."

குழலை மறுபடி வாயில் வைத்துக் குனிந்தாள். இந்த முறை கதறல் இல்லை. வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கப்போகும் குட்டியின் முனகலாக, மெதுவாக ஊதினாள். மேபலின் காது அசைந்தது. தேடுவதை நிறுத்திவிட்டு, அவள் உதட்டில் இருந்த அந்த மரக்குழலை நக்கிக்கொடுக்க ஆரம்பித்தது.