ஒன்பதாவது கம்பி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலைப் பார்த்த சோபாவின் நடுவில் என் அண்ணன். அவருக்கு வலப்புறம், நுனியில் ஒட்டிக்கொண்டு, வீட்டுத் தரகர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கை. கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை. சமையலறை வாசலில் கருவிப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் மேஸ்திரி. ஜன்னலோரம், என் மேசைக்கு முன்னால், நான்.

வீட்டை விற்பதென்று முடிவாகி மூன்று மாதம். உடன்பிறந்த மூவரும் சம்மதித்துக் கையெழுத்திட்டோம். அந்தச் சம்மதக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். பழுது பார்த்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா என்பது அன்றைய பேச்சு.

மேஸ்திரி காலையிலிருந்து சுற்றிப் பார்த்ததைச் சொன்னார். "மேல்தளம் ஊறிப்போயிருக்கு. பின்சுவர்ல விரல் போற அளவுக்கு வெடிப்பு. முறையா செஞ்சா ரெண்டு மாசம் ஆகும்."

"அதெல்லாம் தொடவே தொடாதீங்க," என்றார் தரகர். "ஒழுகறது மழை வந்தாத்தான் தெரியும். நாம வெயில் நாளாப் பாத்துக் காட்டிடுவோம். வெடிப்புக்கு முன்னாடி ஒரு பீரோவை நகர்த்தி வைங்க. ஆனா இது இருக்கு பாருங்க." எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கம்பியை மோதிர விரலால் தட்டினார். "மூணு பேரைக் கூட்டிட்டு வந்தேன். மூணு பேரும், இங்க யாருக்கு என்னன்னுதான் கேட்டாங்க. ஆஸ்பத்திரியை யாருங்க வாங்குவா?"

அவர் தட்டியது கைப்பிடிக் கம்பி. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு லாரி என் இடுப்பில் மோதியது. அதன்பிறகு என் கால்கள் பெயருக்குத்தான் கால்கள். கட்டிலிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து கழிப்பறைக்கும் சுவரில் பதித்த கம்பிகளைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போவேன். இத்தனை வருடத்தில் எதற்கும் யாரையும் கூப்பிட்டதில்லை.

"நான் போட்டதுங்க," என்றார் மேஸ்திரி. "இவரைத் தூக்கி நிறுத்தி அளவெடுத்தேன். யானையைக் கட்டினாலும் அசையாது." எட்டி ஒரு கம்பியைப் பிடித்து உடம்பின் முழு எடையையும் போட்டுக் காட்டினார். "கழட்ட ஒரு நாள். ஓட்டையை அடைச்சுப் பெயிண்ட் அடிக்க ரெண்டு நாள்."

"அப்ப இந்த வீட்டுல இதுதான் பழுது," என்றார் அண்ணன். "மத்தது வாங்கறவன் தலையெழுத்து."

"விக்கற வரைக்கும் இங்க இருக்கப்போறது நான்தானே அண்ணா," என்றேன்.

"நீ இல்லாம வேற யாரு? வர்றவங்களுக்குக் கதவைத் திறந்துவிட ஆள் வேணாமா?"

"எதைப் பிடிச்சுக்கிட்டுத் திறக்கறது?"

"முதல்ல வாயைப் பிடிச்சுக்கோ. ரெண்டு மூணு மாசம்தானே? இப்பல்லாம் பெரியவங்களுக்கே டயபர் விக்கறான். என் மாமனாருக்குப் போட்டுவிட்டோம். மனுஷன் சிரிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தார். விக்கட்டும், அப்புறம் என் வீட்டுக்கு வந்துடு."

தரகர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

அண்ணன் வீடு மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது.

"சின்னண்ணா பாவம் பெரியண்ணா," என்று தங்கை ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மேஸ்திரி பையிலிருந்து எழுந்தார். "நான் இப்ப கம்பெனி ஆளுங்க. வாயால சொன்னா செல்லாது. எதை எதைக் கழட்டணும்னு எழுதி, குடியிருக்கறவர் கையெழுத்தோட குடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

"செயலாளரே," என்றார் அண்ணன், "எடு பேனாவை."

எங்கள் குடும்பத்தில் எனக்கு அந்தப் பெயர்தான். அண்ணனின் இடமாற்ற மனு, தங்கையின் வேலை விண்ணப்பம் எல்லாம் நான் எழுதியவை, அல்லது நான் திருத்தியவை. தங்கை தன் முதல் விண்ணப்பத்தில் இணைப்புகளில் ஒன்றைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாள். "முழுசா இல்லாத பட்டியல் பட்டியலே இல்ல, கிறுக்கல்" என்று தாளை அவள் மடியில் வீசி, ஏழு முறை எழுத வைத்தேன். அழுதுகொண்டே எழுதினாள். வேலை கிடைத்தது.

நான் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். ஒன்று: படுக்கையறை, கட்டிலின் தலைப்பக்கம், மூன்றடி, திருகு நான்கு. இரண்டு: படுக்கையறை வாசல், இரண்டடி, திருகு நான்கு. இப்படியே கூடம், நடைவழி, கழிப்பறை வாசல் என்று எட்டு வரை வந்தேன்.

ஒன்பதாவது, கழிப்பறைக்கு உள்ளே இருக்கிறது. ஒன்றரை அடி. கதவைத் திறந்தால் அதன் பின்னால் மறைந்துவிடும். தரகரோ வீடு பார்க்க வருகிறவரோ கவனிக்க வழியில்லை. அது ஒன்று இருந்தால் எனக்குப் போதும். அதுவரை தவழ்ந்து போய்விடுவேன். உட்கார்ந்து எழ அடுத்தவர் கை வேண்டாம். "மொத்தம் எட்டு" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

"படி," என்றார் அண்ணன்.

படித்தேன். மேஸ்திரி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எட்டில் நான் நிறுத்தியதும் அவர் ஒன்பதாவது விரல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பையின் வாரைக் கட்டத் தொடங்கினார்.

"சரி, கையெழுத்துப் போடு," என்றார் அண்ணன்.

"இருங்க," என்றாள் தங்கை. முகம் மலர்ந்திருந்தது. "சின்னண்ணா, பாத்ரூமுக்குள்ள, கதவுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கே. அதை விட்டுட்டீங்க."

மேஸ்திரி வாரில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"இத்தனை வருஷத்துல உங்க எழுத்துல நான் கண்டுபிடிச்ச முதல் தப்பு," என்றாள். "முழுசா இல்லாத பட்டியல் என்னது? நீங்களே சொல்லுங்க."

"கிறுக்கல்," என்றேன்.

"பாத்தியாடா, தங்கச்சி தேறிட்டா," என்றார் அண்ணன்.

ஒன்பது: கழிப்பறை உள்ளே, கதவுக்குப் பின்னுள்ள சுவர், ஒன்றரை அடி, திருகு இரண்டு. எட்டை அடித்து, ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். ஒப்பம் இல்லாத திருத்தம் செல்லாது. கீழே முழுக் கையெழுத்து. தாளை மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினேன்.

மேஸ்திரி நான்கடி தள்ளி நின்றார். நான் கம்பிக்குக் கை நீட்டினேன்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க?" என்று தங்கை உறையை வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, என் பக்கம் திரும்பாமல் வாசலைத் தாண்டிப் போனார்.