வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரோக்கஸ்

லுத்விகாவின் புல்வெளியில் அந்த ஏப்ரலில் குரோக்கஸ் கால்வைக்க இடமில்லாமல் பூத்திருந்தது. மலையுச்சியில் இன்னும் பனி கிடக்க, அடிவாரத்தில் ஊதாப் பூக்கள் வெயில் பட்டதும் வாயைத் திறந்து, மேகம் வந்ததும் மூடிக்கொண்டன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணி அனியெலாவின் நிலத்தில், போன வருடத்துப் புல் நரைத்துப்போய்ப் படுத்துக் கிடந்தது. அதில் ஒரு பூ இல்லை.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நிலம்தான். அப்பா அதை லுத்விகாவுக்கும் அண்ணன் யென்ட்ரெக்குக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, அனியெலா அதைக் கேட்டேவிட்டாள்.

"என் பூவெல்லாம் எங்கே போச்சு, லுத்விகா?"

"என்ன கேக்கறீங்க, அண்ணி?"

"கிழங்குக்குக் கால் முளைச்சு வேலி தாண்டிப் போச்சா? போன அக்டோபர்ல மண்வெட்டியும் கையுமா நீ வேலியோரத்துல குனிஞ்சு நின்னதை ஜன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"களை தோண்டினேன். களைக்கு வேலி தெரியுமா?"

"பூவுக்கு மட்டும் தெரியுதாக்கும். அதுவும் உன் பக்கமாப் பார்த்து."

கசாப்புக்கடைக்காரர் மனைவி கையிலிருந்த குருத்தோலையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "காட்டு இலாகாக்காரன் காதுல விழுந்தா கைவிலங்கோட வருவான், லுத்விகா. அது தோண்டக் கூடாத பூ."

அனியெலா சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சாமிகிட்ட முட்டைக் கூடை மந்திரிக்க நீ தனியாப் போய்க்கோ. ஈஸ்டர் அன்னிக்கு எனக்குத் தட்டு வைக்காதே. திருடி வீட்டு முட்டை எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துபோனாள்.

லுத்விகாவின் மகள் சிகாகோவில் இருக்கிறாள். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். முப்பத்தொரு வருடமாக ஈஸ்டர் காலையில், மந்திரித்த முட்டையை நறுக்கி ஆளுக்கொரு துண்டு ஊட்டி வாழ்த்துச் சொல்ல, அவளுக்கு எதிரே அண்ணி இருந்திருக்கிறாள். அண்ணன் இறந்த வருடம்கூட இருவரும் அழுதுகொண்டே அந்த முட்டையைத் தின்றார்கள். இந்த வருடம் முட்டையை நறுக்கி யாருக்குக் கொடுப்பது?

புதன்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள்.

"சாமி, எங்க அண்ணி என்னைத் திருடின்னு ஊர் முன்னால சொல்லிட்டாங்க. நான் ஒரு கிழங்கைக்கூடத் தொடலை."

"அது அவங்க பாவம். அதை அவங்க வந்து சொல்லட்டும்" என்றது கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்த குரல். "உங்களோடதைச் சொல்லுங்கம்மா."

அந்தப் பூ எதனால் போயிற்று என்று லுத்விகாவுக்கு நன்றாகவே தெரியும். அந்த மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோடையில் அரிவாள் பட வேண்டும், இலையுதிர் காலத்தில் ஆடு மேய வேண்டும். இல்லாவிட்டால் புல் சாய்ந்து, மட்கி, மெத்தைபோல அழுந்திவிடும். அதற்கடியில் குரோக்கஸ் மூச்சுமுட்டிக் கிடக்கும். அண்ணன் இருந்தவரை இரண்டு பக்கமும் அவன்தான் வெட்டினான். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தும் அனியெலா இன்றுவரை தையல்காரிதான். அரிவாளை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியாது.

மூன்று ஜூலையிலும் லுத்விகா தன் புல்லை வேலிக் கம்பிவரை வெட்டிக்கொண்டு வந்து, கம்பியோடு நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், 'வந்து கேட்கட்டுமே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"புல் வெட்டலை, சாமி."

"எந்தப் புல்?"

"அண்ணியோட புல்."

"அது பத்துக் கட்டளையில எதுல வருதுன்னு எனக்குச் சட்டுனு சொல்லத் தெரியலை. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு போல."

மறுநாள் காலை உறைபனி விலகியதும், லுத்விகா புல் வாரும் மரவாரியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். வாரி ஓரளவுக்குத்தான் உதவியது. அடியில் தளிர் இருந்தால் ஒடிந்துவிடும் என்று மண்டியிட்டு, ஈரப் புல்லைக் கையால் கொத்துக் கொத்தாக விலக்கினாள். விரல் மரத்துப் போயிற்று. ஒரு மேசையளவு இடம் துப்புரவானதும் அண்ணி வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"இப்போ பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டியா?" அனியெலா சமையல் ஏப்ரனோடு வந்து நின்றாள்.

"கத்தாம இங்கே குனிஞ்சு பாருங்க."

"மூட்டுவலியோட நான் எங்கே குனியறது?"

ஆனாலும் குனிந்தாள். மட்கிய புல்லுக்கடியில், வெள்ளைப் புழுக்களைப் போல நீண்டு வளைந்த தண்டுகள் கிடந்தன. வெளிச்சம் தேடி ஒரு சாண் தூரம் படுத்தபடியே போயிருந்தன. நுனியில், திறக்காத ஊதா மொட்டு.

அனியெலா ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். அது மறுபடியும் சாய்ந்தது.

"இங்கேயேதான் இருந்திருக்கு" என்றாள்.

"இங்கேயேதான் இருந்திருக்கு, அண்ணி. மேலே புல்லு அமுக்கிடுச்சு. வெட்டாம விட்டா இப்படித்தான்."

"எனக்கு யார் சொன்னா? உங்கண்ணன் செத்ததும் பூவும் அவரோட போயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் உன் பக்கம் பார்த்தா ஜே ஜேன்னு பூத்து நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா வெட்டிக் குடுத்திருப்பேன்."

"மூணு வருஷமா நான் வெட்டாததை நீதான் பார்த்துக்கிட்டே இருந்தியே" என்றாள் அனியெலா. குரலில் கோபம் இல்லை.

லுத்விகா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "அது தப்புத்தான், அண்ணி" என்றாள்.

அனியெலா உள்ளே போனாள். போனவள் வரமாட்டாள் என்றுதான் லுத்விகா நினைத்தாள். ஆனால் அனியெலா தலையணை ஒன்றைக் கொண்டுவந்து தரையில் போட்டு, முனகிக்கொண்டே அதில் மண்டியிட்டாள்.

"தள்ளு. நீ பிடுங்கற பிடுங்குக்குக் கிழங்கே வெளிய வந்துடும். நூல் பிரிக்கற மாதிரி பிரிக்கணும்."

"தையல்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஜூலைல வந்து வெட்டு. அப்புறம் உன் ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வா. என் முட்டைக்கோசுல வாய் வெச்சுதோ, அந்த ஆடு எனக்கு."

"சரி, அண்ணி."

பத்து மணிக்கு மேகம் கலைந்தது. விலக்கிய இடத்தில் ஏழெட்டு மொட்டுக்கள் வெயிலைக் கண்டும் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தன. கடைசியில் மூன்று திறந்தன. நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல், படுத்த வாக்கிலேயே பூத்தன.

அனியெலா வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறே?" என்று கேட்டாள்.

"பதினொண்ணுக்கு."

"போற வழியில என்னைக் கூப்பிடு. கூடையை நீயே தூக்கு, எனக்கு முழங்கால் வலிக்குது."