கழுகுக்கு ஒரு கூடு

லோவல் திருகாணியைச் சுவரில் வைத்து அழுத்தியபோது, திருகாமலே அது உள்ளே போய்விட்டது. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி குத்துவது போல. அவன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது, வரலாமா வேண்டாமா என்று யோசித்தது, பிறகு வந்தது. அரிசோனாப் பாலைவனத்தில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கள்ளிச்செடிகள் ஒன்றை ஒன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொள்ளும் பருவம் அது, யார் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வண்டியின் சுவர் அழுதது.

அவன் மாட்டப் போனது பெயர்ப் பலகை. குளிர்காலம் தொடங்கியதும் வடக்கிலிருந்து வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து இந்த மணலில் இறங்கும் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வண்டி நின்றதும் முதல் வேலை அதுதான். பலகை இல்லாத வண்டியின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். காப்பிக்கும் கூப்பிட மாட்டார்கள். லோவலின் பலகையில் ஒரு கோதுமைக் கதிர் செதுக்கியிருந்தது. அதன் கீழே ‘லோவல் – ஆர்லிஸ் ட்வெய்ட், வடக்கு டகோட்டா’.

“ஆர்லிஸ் எங்க?” என்றேன்.

“சீட்டாடப் போயிருக்கா.”

“நல்லது” என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். அவன் உள்ளே போய் அகலமான ஒட்டுநாடாவை எடுத்து வந்து, பலகையை அந்த ஓட்டையின் மேலேயே ஒட்டினான். கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் அடுத்த சுளையைப் பிய்த்தேன்.

லோவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலம் முழுவதும் அவன் தானியக் கிடங்கில் இருந்தவன். விவசாயிகள் லாரியில் கொண்டுவரும் கோதுமையில் ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடிப்பான், ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். கிடங்கில் அதற்கென்றே ஓர் இயந்திரம் இருந்தது. இயந்திரமும் அவனும் வேறு வேறு சொன்னால் இயந்திரத்தைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள். ஒரு விவசாயியோடு கைகுலுக்கிவிட்டு அவருடைய கொல்லையில் வைக்கோல் நனைந்திருக்கிறது என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான். ஆனாலும் அவனை அறிந்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆள் இந்த வண்டியை எப்படி வாங்கினான்? கடையில் வாங்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து, ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு கணவன் மனைவியிடம் நேரடியாக வாங்கினான். இஞ்சினுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். சக்கரங்களை உதைத்துப் பார்த்தான். பிரேக்கை மிதித்துப் பார்த்தான். உள்ளே ஏறியபோது வண்டியின் சொந்த அடுப்பிலிருந்தே அந்தம்மாள் பட்டைத் தூள் பன்னைச் சுடச்சுட எடுத்து மேஜையில் வைத்தாள். “இந்த வண்டி மழையே பாத்ததில்ல” என்றாள். கதவில் நாட்டின் வரைபடம் ஒட்டியிருந்தது. எந்தெந்த மாநிலத்தில் படுத்து எழுந்தார்களோ அதற்கெல்லாம் வண்ண ஒட்டி போடுவது எங்கள் வழக்கம். வாஷிங்டன், ஆரிகன், லூசியானா, ஃப்ளோரிடா என்று மழை கொட்டும் மாநிலங்கள் எல்லாம் பளபளவென்று நிறைந்திருந்தன. அரிசோனா மட்டும் வெள்ளையாக இருந்தது. “அடேயப்பா, எவ்ளோ ஊர் பாத்திருக்கீங்க!” என்று லோவல் பாராட்டியிருக்கிறான்.

“ஒரு அலமாரியக்கூடவா திறந்து பாக்கல?” என்றேன்.

“அவங்க குடுத்த பன்னத் தின்னுட்டு, அவங்க அலமாரியத் திறந்து பாக்கச் சொல்றியா?”

“எத்தன பன்னு?”

“மூணு” என்றான் தலையைக் குனிந்து.

எனக்கு விளங்கிவிட்டது. வடக்கு டகோட்டாக்காரனை ஒரு பன் தின்ன வைக்கவே நாலு தடவை வற்புறுத்த வேண்டும். மூன்று தின்றிருக்கிறான் என்றால் அந்த அம்மாளின் மேஜையில் அவன் உறவுக்காரனாகியிருக்கிறான். உறவுக்காரர் வீட்டுச் சுவரை யார் அழுத்திப் பார்ப்பார்கள்?

சுவர் நனைந்தது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் ஆர்லிஸ். அவர்களுடைய வீடு ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு இரண்டு முறை நிலவறைக்குள் வந்து தங்கிவிட்டுப் போனது. இரண்டு முறையும் சேற்றை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டியவள் அவள். வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழலாம் என்று லோவல் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதை எங்கள் எல்லார் முன்னாலும், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“இன்னொரு தடவ என் சுவத்துல ஈரத்தப் பாத்தேன்னா, ஃபார்கோவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். லோவல் எங்க வேணா இருந்துக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். பிறகு லோவல் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அதனால் ஆர்லிஸ் சீட்டாடப் போகும் பிற்பகல்களில் நாங்கள் வேலை பார்த்தோம். சாப்பாட்டு இருக்கையை நகர்த்திவிட்டு உட்சுவரைக் கழற்றினோம். சின்ன நீலப் பூக்கள் போட்ட புது ஒட்டுத்தாள், சமீபத்தில்தான் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பின்னால் பிளைவுட் கறுத்து, கையால் அள்ளும்படி இருந்தது. தெர்மோகோலுக்குள் எறும்புகள் ஊர் கட்டியிருந்தன. கூரை மூலையில் பசை வெடித்து, எத்தனையோ ஆரிகன் மழை சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் குடியிருந்தது. சுவருக்குள் ஒரு மீன் இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால் தவளை என்று சொல்கிறேன். அது எங்களைப் பார்த்து, கதவைத் தட்டிவிட்டு வரக்கூடாதா என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

லோவல் அந்தக் கறுப்பில் ஒரு துண்டைக் கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடித்தான்.

“எவ்ளோ ஈரம்?”

அவன் நிதானமாகத் துப்பினான். “இது மரமில்ல எமெட். சூப்பு.”

அழுகியதை வெட்டி எடுத்து, விசிறி வைத்துக் காயவிட்டு, புது மரச்சட்டம் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் செய்தால் முடிந்துவிடும். திருட்டுத்தனமாகச் செய்ததால் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ஆர்லிஸ் வருவதற்கு முன் இருக்கையைத் தள்ளி வைத்து மறைத்துவிடுவோம். வாசனையைத்தான் மறைக்க முடியவில்லை. நனைந்த சாக்கு வாசனை. ஒருநாள் லோவல் அடுப்பைப் பற்றவைத்துப் பட்டைத் தூள் பன்னை உள்ளே வைத்தான். வண்டியை விற்றவர்கள் அந்த வாசனையை மறைத்ததும் இப்படித்தான். விற்றவள் சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்லிஸ் உள்ளே வந்தாள். மூக்கை உயர்த்தினாள். பன்னைப் பார்த்தாள், பிறகு நீலப் பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நீ எப்போலேருந்து பன்னு சுட ஆரம்பிச்ச?”

“ரிட்டயர் ஆனப்புறம் மனுஷனுக்கு ஏதாவது வேணுமில்ல” என்றான் லோவல்.

அவள் ஒன்றை எடுத்துத் தின்றாள். முழுவதையும் தின்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

மரத்தூள்தான் அடுத்த சிக்கல். மணலெங்கும் பரவிக் கிடந்தது. “என்னத்த அறுக்கறீங்க ரெண்டு பேரும்?” என்று என்னைத்தான் கேட்டாள். லோவலுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது.

“பறவைக்குப் பலகைக் கூடு செய்யறோம்.”

“எந்தப் பறவைக்கு?” சுற்றிலும் மணலைப் பார்த்தாள்.

“கழுகுக்கு.”

“கழுகு பலகைக் கூட்டுக்குள்ள வருமா?”

“மத்த கழுகு வராது. அரிசோனாக் கழுகுக்கு வெயில் ஒத்துக்காது.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கூட்டைப் பற்றி விசாரிப்பாள். நீளமான சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, “கழுகுக்கு மாடி வேற கட்டறீங்களா?” என்றாள். ஜன்னல் ரப்பரை வாங்கி வந்தபோது, “காத்து வேணும்தான், பாவம்” என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா என்று நான் காது கொடுத்துக் கேட்டேன். வடக்கு டகோட்டாக் குரலில் அதைக் கண்டுபிடிக்க இயந்திரம்தான் வேண்டும்.

கடைசி வேலை வெளித்தகடு. அதையும் கழற்றி, மூலையிலிருந்து புதுப் பசை வைத்து மூடிவிட்டால் முடிந்தது. அன்றைக்குத் தகட்டைக் கழற்றி மணலில் சாய்த்துவிட்டுப் பார்த்தோம்: வண்டியின் பக்கவாட்டில் கதவளவு பெரிய ஓட்டை. அதன் வழியாக மேஜையும் ஆர்லிஸின் பின்னல் கூடையும் தெரிந்தன. தகட்டிலிருந்து பிய்த்தெடுத்த பெயர்ப் பலகை ஓர் ஒட்டுநாடாத் துண்டில் வண்டியின் மிச்சச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது மேற்கே மலைக்கு மேல் வானம் கறுத்தது.

“அது இங்க வராது” என்றேன். பாலைவனத்தில் இத்தனை குளிர்காலங்களைக் கழித்தவன் நான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று லோவல் நம்பினான்.

முதல் துளி என் தொப்பியில் விழுந்தபோது கல் எறிந்தது போல இருந்தது. பிறகு எல்லாத் துளிகளும் சேர்ந்து வந்தன. லோவல் தார்ப்பாயை இழுத்து ஓட்டையின் மேல் வைத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, உடம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டான். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. நான் கயிற்றைத் தேடி ஓடினேன். ஓடினேன் என்றால், என் வயதில் அதற்கு எவ்வளவு ஓட்டமோ அவ்வளவு. பெயர்ப் பலகை விழுந்து சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது.

சீட்டாடும் கொட்டகை எங்களுக்கு முன்னாலேயே ஒழுக ஆரம்பித்திருந்தது போலும். வண்டியின் பின்னால் லோவலும் ஆர்லிஸும் கட்டி இழுத்து வரும் சின்னச் சிவப்புக் கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் எதிரில் நின்றது. ஆர்லிஸ் இறங்கினாள். குடையை விரிக்கவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில், லோவலின் அக்குளுக்குக் கீழே, அவளுடைய சாப்பாட்டு இருக்கை நனைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

“அதுதானா கழுகுக் கூடு?” என்று என்னைக் கேட்டாள்.

“கழுகு இன்னும் வந்து பாக்கல” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. லோவலிடம் திரும்பினாள். “உனக்கு எப்போ தெரியும்?”

“பலகை மாட்டுன அன்னைக்கு.” முகம் தார்ப்பாயில் பதிந்திருந்ததால் குரல் அமுங்கி வந்தது. “உனக்கு?”

“நீ பன்னு சுட்ட அன்னைக்கு.”



“கைய எடுத்துட்டு இங்க வா, லோவல். பேசணும்.”

“விட்டா தண்ணி உள்ள போயிடும், ஆர்லிஸ்.”

“அது எனக்குத் தெரியும். வா.”

அவன் அசையவில்லை. அவனுடைய விரல்கள் தார்ப்பாயின் மேல் வெளுத்துப் போயிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து சேற்றிலிருந்த பெயர்ப் பலகையை எடுத்தாள். கதிர் செதுக்கிய இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்; இரண்டு பெயர்களையும் துடைத்தாள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

இஞ்சின் உயிர்பெறும் சத்தம் கேட்டது.

“எமெட்,” என்றான் லோவல், தலையைத் திருப்ப முடியாமல். “போறாளா?”

நான் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல வேண்டும் என்றால் அந்த நொடியில் பத்து தயாராக இருந்தன. “இன்னும் இல்ல” என்றேன்.

காரின் முன்விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் மழையைக் கோடுகோடாகக் காட்டிவிட்டு வண்டியின் பக்கவாட்டில் போய் விழுந்தது: தார்ப்பாய், அதன் மேல் ஒட்டிக்கிடந்த நனைந்த முதுகு, விரித்த இரண்டு கைகள். ஒவ்வோர் ஆணியும் தெரியும்படி வெளிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் ஆர்லிஸின் முகம் தெரியவில்லை. துடைப்பான்கள் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

“இப்போ?” என்றான் லோவல்.

கார் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை; வெளிச்சம் மட்டும் எங்கள் வேலையின் மேலேயே நின்றது. நான் தார்ப்பாயைக் கட்டுவதற்காக அந்த வெளிச்சத்தில் கயிற்றுச் சுருளின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.