இன்னும் ஒரு வாளித் தேரை

சச்சிதானந்தன் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். காலையில் வாயைத் திறந்தால் கடைசி பஸ் டிப்போவுக்குள் போன பிறகுதான் மூடுவார். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் ஓர் அகதி விடுதியில் விட்டால் அவர் யாரோடுதான் பேசுவார்? அவருக்கு வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. அறையில் கூட இருந்த யேசுதாசன் இரவெல்லாம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து பகலெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். 1985 மாசியில் ஒரு சொல்லும் பேசாமல் படுக்கப்போன நாட்கள் பல. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரல் இருக்கிறதா என்று பார்க்கத் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

பங்குனியில் ஒரு விடியற்காலை சும்மா நடந்துபோனபோதுதான் ஓர் அம்மாவைக் கண்டார்.

டீட்டிகோன் அப்போது கண்டபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்த சிறு நகரம். வயல் இருந்த இடத்தில் பண்டகசாலைகள் எழும்பின. லொறிகள் போகக் காட்டோரத் தெருவை அகலமாக்கினார்கள். தெருவுக்கு மேலே காடு, கீழே குளம். குளிர் விட்டதும் காட்டிலிருக்கும் தேரைகள் தாங்கள் பிறந்த குளத்தில் முட்டையிட இறங்கி வரும். தெருவை அகலமாக்கிய செய்தியைத் தேரைக்கு யார் போய்ச் சொல்வது? வந்தவை வந்தபடியே நசுங்கிச் செத்தன. அதனால் இயற்கையைப் பேணும் சங்கத்தார் காட்டுப் பக்கத்தில், தெருவோரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு வலை கட்டி, அதன் அடியில் வாளிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். வலையில் முட்டி வாளிக்குள் விழும் தேரைகளைக் காலையில் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தில் விடுவது அந்த அம்மாவின், அவர்கள் பாஷையில் சொன்னால் பிராவ் வெட்ஸ்டைனின், பொறுப்பு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை.

வேடிக்கை பார்த்து நின்றவரின் கையில் அந்த அம்மா ஒரு வாளியைத் திணித்தார். சச்சிதானந்தனுக்குத் தேரை என்றாலே உடம்பு கூசும். ஆனால் அந்த அம்மா ஓயாமல் பேசினார். தேரைகளோடும் பேசினார், இவரோடும் பேசினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, ஒரு மனிதக் குரல் தன் முகத்தைப் பார்த்துப் பேசி எவ்வளவு காலம்! கூச்சம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர்தான் அங்கே முதல் ஆள்.

"அண்ணை, இந்தக் குளிருக்குள்ளை எங்கை வெளிக்கிடுறியள்?" என்று வேலை முடிந்து வந்த யேசுதாசன் கேட்டான்.

"தேரை தூக்கப் போறன்."

"கடவுளே! ஊரிலை ஆரும் கேட்டால் அண்ணைக்கு சுவிஸிலை என்ன வேலை எண்டு சொல்லுறது?"

"பழைய வேலைதான் எண்டு சொல்லு. ஏத்துறன், இறக்கிறன்."

ஐமர் என்றால் வாளி, றேகன் என்றால் மழை, லங்ஸாம் என்றால் மெதுவாக. அந்த அம்மாவிடம் அவர் கற்ற ஜெர்மன் அவ்வளவுதான். மிச்சத்தை இவர் தமிழில் சொன்னார், அந்த அம்மா தன் பாஷையில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சச்சிதானந்தன் மீதி நாளைக் கடத்தினார்.

சித்திரை பிறந்ததும் வாளிகளில் தேரை குறைந்தது. ஒருநாள் ஒன்றுமே இல்லை. பிராவ் வெட்ஸ்டைன் வெறும் வாளியைக் காட்டி, பிறகு வலையைச் சுருட்டுவதுபோலக் கையைச் சுழற்றினார். இன்னும் இரண்டொரு நாள் பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்கிறார். வலை போனால் அந்த அம்மா ஏன் வரப்போகிறார்?

மறுநாள் அவர் இன்னும் நேரத்தோடு போனார். முட்டையிட்டு முடித்த தேரைகள் குளத்தை விட்டுக் காட்டுக்குத் திரும்ப, தெருவோரம் வந்து குந்தியிருந்தன. அந்தப் பக்கம் வலை கிடையாது. ஆறேழைப் பிடித்துத் தெருவைக் கடந்து கொண்டுபோனார். அப்படியே காட்டுக்குள் விட்டிருந்தால் அது புண்ணியம். அவர் விடவில்லை. வலையடி வாளிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஓரமாக நின்றார்.

பிராவ் வெட்ஸ்டைன் வந்தார், வாளிக்குள் பார்த்தார், தேரைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழையபடி குளத்தில் விட்டார். வலை கழற்றப்படவில்லை. பாவப்பட்ட தேரைகள் மறுபடி கரையேறின. இவர் மறுபடி பிடித்தார். ஒரு கிழமைக்கு மேலாக இந்தக் கூத்து நடந்தது.

பிறகு ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், தெருவின் நடுவில் நிறையத் தேரைகள் நசுங்கிக் கிடந்தன. இரவில் லொறிகள் போயிருக்கின்றன. எல்லாம் காட்டைப் பார்த்தபடி கிடந்தன. அவற்றில் ஒன்றுக்கு முன்காலில் இரண்டு விரல் இல்லை. அந்தத் தேரையை அவர் பல தடவை தூக்கியிருக்கிறார். முதல் நாளே காட்டில் விட்டிருந்தால் அது இன்றைக்கு உயிரோடு இருக்கும். குனிந்து அதைத் தூக்கித் தெருவோரமாக வைத்தார்.

பிராவ் வெட்ஸ்டைன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். சச்சிதானந்தன் தமிழிலேயே சொன்னார்.

"அம்மா, நான்தான் திருப்பித் திருப்பி வாளிக்குள்ளை போட்டனான். கெடுதி நினைச்சுச் செய்யேல்லை. நீங்கள் வராமல் விட்டால் எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை. விசர் பிடிச்சிடும் எண்டு பயந்திட்டன்."

அந்த அம்மா குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "இஃ வைஸ்," என்றார்.

எனக்குத் தெரியும் என்று அர்த்தம். அந்தச் சொல் இவருக்கு நன்றாகவே பழக்கம். அகதி விசாரணையில் கேட்ட கேள்விகளில் பாதிக்கு, அதோடு ஒரு 'நிஃட்' சேர்த்து, தெரியாது என்றுதான் பதில் சொன்னார்.

பிராவ் வெட்ஸ்டைன் தெருவோரம் தப்பிக் குந்தியிருந்த ஒரு தேரையை எடுத்து அதன் ஒட்டிய வயிற்றை விரலால் காட்டினார். காட்டிலிருந்து வரும் பெண் தேரை முட்டையோடு பருத்திருக்கும். இது முட்டையிட்டுவிட்டுத் திரும்புவது. இத்தனை வருடம் இதையே செய்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தில் விட்டிருக்கிறார். அவருக்கும்தான் வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? அவர் தெருவைப் பார்த்தார், தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு சச்சிதானந்தனைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

உயிரோடு இருந்தவற்றை இருவருமாகக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். வலையைக் கழற்றிச் சுருட்டினார்கள். போகும்போது அந்த அம்மா மேட்டுத் தெருவிலிருந்த தன் வீட்டைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, "சொண்டாக், கஃபே," என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோப்பி.

ஞாயிறன்று யேசுதாசனின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மேசையில் துணி விரித்து, கேக் வெட்டி வைத்திருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, தேரை இல்லாமல் இருவருக்கும் பேச ஒரு சொல்லும் இல்லை. ஊர், வீடு, பயம் எதற்கும் அவரிடம் ஜெர்மன் இல்லை.

"றேகன்?" என்றார் சச்சிதானந்தன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

பிராவ் வெட்ஸ்டைன் யன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

"நைன்," என்றார், இல்லை என்று.

சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. இரண்டு கோப்பையிலும் ஒரு மிடறு கோப்பி மிச்சமிருந்தது. குடித்து முடித்தால் எழும்ப வேண்டும். இருவரும் அதைத் தொடாமல் இருந்தார்கள்.