வாய் நிறைய மிஷேரி

முர்மேவாடியில் ஷேவந்தாபாயைப் போல நிதானமான பெண் கிடையாது என்று ஊரே சத்தியம் செய்யும். கிணற்றில் கன்று விழுந்தாலும் சரி, மருமகள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாலும் சரி, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு "ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்"மைக் கேட்டதும் அழுதுகொண்டு வந்தவர்களுக்குப் பாதித் துக்கம் இறங்கிவிடும். என்ன பொறுமை, என்ன பக்குவம் என்று மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

விரல் வைத்துப் பார்த்திருக்க வேண்டிய இடம் வாய். அதற்குள் எந்நேரமும் மிஷேரி இருந்தது. புகையிலையை பாக்ரி ரொட்டி சுடும் கல்லில் கருகக் கருக வறுத்து, இடித்துச் சலித்த கறுப்புத் தூள். ஆட்காட்டி விரலில் தொட்டு ஈறில் தேய்ப்பதற்குப் பல் விளக்குவது என்று பேர். விடிந்ததும் விளக்குவாள். சாப்பிட்டதும் விளக்குவாள். கணவன் தோண்டிபா சந்தையிலிருந்து வரத் தாமதமானால் விளக்குவாள். சீக்கிரம் வந்துவிட்டால், என்ன ஆச்சோ என்று அதற்கும் ஒரு முறை விளக்குவாள். உண்மையைச் சொல்லப்போனால் அந்தத் தாலுகாவிலேயே அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி கிடையாது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஒரு சிட்டிகை உள்ளே போனதும் அடங்கும். வாய் நிறைய எச்சிலை வைத்துக்கொண்டிருப்பவள் "ம்" என்று சொல்லாமல் ராமாயணமா சொல்வாள்? இந்த ரகசியம் ஓரகத்தி சகுவுக்கு மட்டும் தெரியும். தூள் வறுப்பது அவள் வீட்டு அடுப்பில்தான்.

பஞ்சாயத்துத் தலைமையை, அதாவது சர்பஞ்ச் பதவியை, பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம், பரம்பரையாக அந்த நாற்காலியைத் தேய்த்துவந்த சாஹேப்ராவ் துணைத் தலைவராக இறங்கவேண்டி வந்தது. மனுஷன் அசரவில்லை.

"நம்ம ஷேவந்தா அண்ணிய நிறுத்துங்க. வாயில்லாப் பூச்சி. நாம எதச் சொன்னாலும் ம்-னு சொல்லும்" என்றார்.

சொன்னபடியே நடந்தது. கூட்டத்தில் கிராமசேவகர் தீர்மானத்தை வாசிப்பார், ஷேவந்தா பயத்தில் ஒரு சிட்டிகை கூடவே போட்டுக்கொண்டு "ம்" என்பாள், அவர் ஒப்புதல் என்று எழுதிவிடுவார். ஊரின் பள்ளத்துப் பக்கமான கீழ்வாடிப் பாதைக்கு வரவேண்டிய தெருவிளக்கு இப்படித்தான் சாஹேப்ராவின் மாட்டுக்கொட்டகை முன்னால் போய் நின்றது. அவருடைய எருமைகள் இரவு பகல் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்க, கீழ்வாடிப் பெண்கள் இருட்டில் தடுக்கி விழுந்தார்கள்.

அடுத்து வந்தது ஆழ்துளைக் கிணறு. கீழ்வாடியில் தோண்டினால் பெண்கள் குடத்தோடு மேடு ஏறுவது தப்பும். சாஹேப்ராவோ அதைத் தன் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் தோண்ட முடிவு கட்டிவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஷேவந்தாவின் ஈறு வலித்துத் தொலைத்தது. பல் முகாமுக்கு வந்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு.

"இன்னும் கெட்டுப் போகல. ஆனா மிஷேரிய இன்னிக்கே விட்டுடணும்மா."

"விட்டா கை நடுங்குதே, டாக்டர். பயத்துக்கு அதுதான் மருந்து."

"மருந்தா? பாதி நடுக்கத்தக் கொடுக்கறதே அதுதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுது. நீங்க ஆட்டுற கையப் பாத்துக் கும்பிடறீங்க."

"மீதிப் பாதி?"

"அது உங்களோடது. அதோட வாழப் பழகலாம்."

ஷேவந்தா விட்டாள். விட்டாளே தவிர, வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. சோம்பைக் கொறித்தாள், புளியங்கொட்டையை வறுத்துக் கடித்தாள், பால் பொங்கியதற்குத் தோண்டிபாவைத் திட்டினாள், பொங்காததற்கும் திட்டினாள். இத்தனை வருஷம் எச்சிலோடு துப்பிய பேச்செல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

தோண்டிபா வாயைப் பிளந்தார். "ஏண்டி, இவ்வளவு பேச்சையும் எங்க வெச்சிருந்த?"

"வாய்லதான். கதவு சாத்தியிருந்துச்சு" என்றாள்.

கூட்டத்தன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சகு வந்து பழைய மிஷேரி டப்பாவை அவள் இடுப்பில் செருகினாள்.

"சும்மா கிடக்கட்டும்கா. ரொம்ப முடியலேன்னா ஒரு சிட்டிகை."

"போட்டா வாய் மூடிக்கும்டி. கிணறு போயிடும்."

"போடலேன்னா நடுங்கறது ஊருக்கே தெரிஞ்சுடும். யாருக்கா உன் பேச்சக் கேப்பாங்க?"

டப்பா இடுப்பிலேயே இருந்தது.

பஞ்சாயத்துக் கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சுத்தமான கிராமத்துக்கான பரிசை வாங்கிவிடத் துடித்த சாஹேப்ராவ், ஊரார் துப்பித் துப்பிச் சிவப்பாக்கிய சுவருக்கு வெள்ளையடித்து, மூலைக்கு மூலை சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்திருந்தார். ஒரு மூலையில் கணபதி, ஒன்றில் விட்டோபா, ஜன்னலடியில் கதாயுதத்தோடு அனுமார். எவன் துப்புவான்? சாமி இருக்கும் இடம் என்று ஆகிவிட்டதால் செருப்பையும் வெளியில் கழற்ற வேண்டியதாயிற்று. துப்ப வேண்டுமானால் எழுந்து போய், தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மாருதி கோயிலைத் தாண்டிச் சாக்கடைவரை நடக்க வேண்டும். அவரே போட்ட சட்டம்.

சாப்பாட்டுக்குப் பின் கூடிய கூட்டம். ஆண்கள் அத்தனை பேரும் உள்ளங்கையில் சுண்ணாம்போடு புகையிலையைக் கசக்கி உதட்டுக்குள் ஒதுக்கியிருந்தார்கள். சாஹேப்ராவும் அப்போதுதான் ஒரு பெரிய கவளமாக அதக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஷேவந்தாவின் "ம்" வரப்போகிறது, அவருக்கு வாய் எதற்கு?

கிராமசேவகர் வாசித்தார். கரும்புத் தோட்டத்து ஓரம், ஆழ்துளைக் கிணறு, இத்யாதி. பிறகு பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "சர்பஞ்ச் பாய்?" என்றார்.

ஷேவந்தாவின் நெஞ்சு உரல் இடித்தது. கை தானாக இடுப்புக்குப் போய் டப்பாவைத் திறந்தது. வாசனை ஏறியதுமே வாயில் நீர் ஊறிவிட்டது. விரல் நுனியில் ஒரு சிட்டிகை. உள்ளே வைத்தால் எல்லாம் அடங்கிவிடும், நெஞ்சும் அடங்கும், கிணறும் அடங்கும். எதிரே தரையில் கீழ்வாடிப் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஷேவந்தா விரலைப் புடவை ஓரத்தில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

கிராமசேவகரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"கை நடுங்குது பாருங்க. எப்பவுமே நடுங்கும். இத்தன நாளா மிஷேரிய வெச்சு அமுக்கியிருந்தேன். நீங்க பொறுமைன்னு நெனச்சது அதத்தான். தெருவிளக்குக்கு நான் ம்-னு சொன்னது சம்மதம் இல்ல. துப்ப இடமில்ல, அதான்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"பயந்துக்கிட்டேதான் சொல்றேன். கிணறு கீழ்வாடியிலதான் தோண்டணும்."

சாஹேப்ராவ் துள்ளி எழுந்தார். "ஊஊ... உம்ம்..." என்று கையை வீசினார். வாயைத் திறந்தால் சட்டை போய்விடும். கணபதி மூலையைப் பார்த்தார். விட்டோபாவைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பாய்ந்தார், அங்கே அனுமார் கதையை ஓங்கிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் வாசலைப் பார்த்து ஓடினார். அவருக்காகப் பேச வேண்டிய ஆட்களும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வெளியே செருப்புக் குவியலில் பெரிய ரகளை கேட்டது.

"கீழ்வாடின்னா சம்மதம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றாள் ஷேவந்தா.

முதலில் எழுந்த கை அவளுடையது. அங்கே எழுந்த கைகளிலேயே அதிகம் ஆடியதும் அதுதான். பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். எஞ்சியிருந்த ஆண்களில் பலரும் தூக்கினார்கள். கை தூக்க வாய் எதற்கு? கிராமசேவகர் எழுதி முடித்து அவள் முன்னால் நீட்ட, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

சாஹேப்ராவ் திரும்பி வந்தபோது ஒரு காலில் சேறு. அவசரத்தில் புகையிலைப் பையும் சாக்கடையோடு போயிருந்தது. விஷயம் தெரிந்ததும், "இது செல்லாது, நான் இல்லாதப்ப எப்படி..." என்று ஆரம்பித்தார். குரல் பிசிறியது. கை சட்டைப் பைக்குப் போய்த் துழாவிற்று, அடுத்த பைக்குப் போயிற்று, வெறுமையாக வந்து நடுங்கியது. நெற்றியில் வேர்வை.

அந்தக் கையை ஷேவந்தாவுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அவளிடம் இருந்த கை அல்லவா அது. பாவமாக இருந்தது அவளுக்கு, நிஜமாகவே பாவமாக இருந்தது. இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"எடுத்துக்குங்க பாவுஜி. படபடப்பு அடங்கட்டும். டாக்டர் கேட்டா நான் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க."

பெண்கள் பல் தேய்க்கிற சாமான். அதுவும் ஊர் பார்க்க. சாஹேப்ராவ் கூட்டத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு விரலை உள்ளே விட்டு ஈறில் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது, கண் சொருகியது.

கிராமசேவகர் மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, தீர்மானத்துல உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லையே?"

சாஹேப்ராவ் வாசலைப் பார்த்தார். செருப்புக் குவியல், மாருதி கோயில், சாக்கடை. பெருமூச்சு விட்டுவிட்டு, "ம்" என்றார்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஷேவந்தாவும் சேர்ந்துகொண்டாள். கை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. டப்பாவை அவள் திருப்பி வாங்கவில்லை.